மோனிட்டரை மாற்றுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள்

"மாமா, திரையில எழுத்தெல்லாம் மங்கலா தெரியுது. வீடியோவுல டீச்சர் முகம்கூட அகலமா இருக்கு. கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு, புதுசு வாங்குங்கன்னு கடையில சொல்லிட்டாங்க."

ஜாசின் வட்டாரத்தில் இருக்கும் அக்காள் மகள் கைப்பேசியில் சொன்னபோது, அவள் குரலில் கவலை தெரிந்தது. இந்த ஆண்டு அவளுக்கு எஸ்.பி.எம். தேர்வு. பாடங்களில் தமிழ் இலக்கியமும் உண்டு. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, வீட்டிலிருந்து படிப்பதற்காக வாங்கிய மேசைக் கணினிதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் மோனிட்டர் கெட்டுப்போனதால், பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் வேலை செய்யும் சித்தப்பா மகன் தன்னிடமிருந்த 24 அங்குல மோனிட்டரைக் கொடுத்திருந்தான். அதை மாட்டிய நாளிலிருந்துதான் இந்தத் தொல்லை.

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "தம்பி, ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியாவது ஆகுமாம். சீட்டுப் பணத்தை எடுத்திடலாமான்னு பார்க்கிறேன்."

"கொஞ்சம் பொறுங்க அக்கா, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்" என்றேன்.

புள்ளி மறைந்தால் தமிழ் மாறும்

கணினியைத் திறந்து பார்த்தேன். திரையின் அளவு 1024 x 768 என்று இருந்தது. அந்த மோனிட்டருக்கு உரிய அளவோ 1920 x 1080. பட்டியலில் அந்த அளவே இல்லை.

இந்த எண்களைப் புரிந்துகொள்ள நம் வீட்டு வாசல் கோலம் போதும். மோனிட்டர் என்பது தொழிற்சாலையிலேயே புள்ளி வைத்து முடித்த கோலம். அகலத்தில் 1920, உயரத்தில் 1080, மொத்தம் 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள். இவற்றைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கணினி அதே எண்ணிக்கையில் படம் அனுப்பினால் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி பொருந்தும். 1024 x 768 என்று எட்டு லட்சத்துக்கும் குறைவான புள்ளிகளை அனுப்பினால், மோனிட்டர் அதை இழுத்து நிரப்ப வேண்டியிருக்கும். எழுத்தின் ஓரம் மங்கும். 1024 x 768 பழைய சதுர வாக்குத் திரைக்கு உரிய அளவு என்பதால், அகலத் திரையில் முகங்களும் அகன்று தெரியும்.

தமிழுக்கு இதில் கூடுதல் சங்கடம். "க" என்ற எழுத்துக்கும் "க்" என்ற எழுத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு சின்னப் புள்ளிதான். மங்கிய திரையில் முதலில் காணாமல் போவது அதுவே. செய்யுளை மணிக்கணக்கில் அப்படிப் படித்தால் கண் வலிக்கும், பிழையும் வரும்.

இரண்டு பெயர்கள், இரண்டு நோய்கள்

சரியான அளவு ஏன் பட்டியலில் வரவில்லை? மோனிட்டரைக் கணினியில் மாட்டியதும், "நான் இன்ன வகை, என் அளவு இது" என்று அது கேபிள் வழியாகக் கணினிக்குத் தகவல் அனுப்பும். இந்தத் தகவல் வராவிட்டால், கணினி எதற்கும் பொதுவாக இருக்கட்டும் என்று சிறிய அளவையே கொடுக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. விண்டோஸ் கணினியில் ஸ்டார்ட் பொத்தானை வலது பக்கமாகச் சொடுக்கி, 'டிவைஸ் மேனேஜர்' பகுதியைத் திறங்கள். அங்கே இரண்டு இடங்களைப் பாருங்கள்.

'மோனிட்டர்ஸ்' என்பதன் கீழ் 'ஜெனரிக் நான்-பிஎன்பி மோனிட்டர்' என்று இருந்தால், மோனிட்டரின் தகவல் கணினிக்கு வரவில்லை. சந்தேகப்பட வேண்டியது கேபிளையும் இடையில் மாட்டிய அடாப்டரையும்.

'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதன் கீழ் 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், கிராபிக்ஸ் டிரைவர் இல்லை. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதையொட்டிப் பலர் விண்டோஸைப் புதிதாக ஏற்றினார்கள். அப்படி ஏற்றிய கணினிகளில் இந்தக் குறை வரக்கூடும். 'விண்டோஸ் அப்டேட்' பகுதியில் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பாருங்கள். அல்லது கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலோ, இன்டெல், ஏஎம்டி, என்விடியா தளங்களிலோ உங்கள் கணினிக்குரிய டிரைவரை எடுங்கள். அங்கெல்லாம் அது இலவசம். "டிரைவர் பழசு, பணம் கட்டுங்கள்" என்று திடீரென எழும் விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

அக்கா வீட்டுக் கணினியில் இருந்தது முதல் நோய். கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். நீல நிறத் தலை கொண்ட பழைய விஜிஏ கேபிள். மூன்றாம் வரிசையில் ஓர் ஊசி மடங்கிப் படுத்திருந்தது. விஜிஏ கேபிளில் மோனிட்டரின் தகவலைக் கொண்டு செல்வது அந்த வரிசையில் உள்ள 12, 15-ஆம் ஊசிகள். படத்தைக் கொண்டு செல்லும் ஊசிகள் நன்றாக இருந்ததால் படம் வந்தது. தகவல் மட்டும் வரவில்லை.

கணினி, மோனிட்டர் இரண்டிலும் எச்டிஎம்ஐ துளை இருந்தது. ஜாசின் பட்டணத்தில் 15 வெள்ளிக்கு ஓர் எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி மாட்டினோம். பட்டியலில் 1920 x 1080 வந்துவிட்டது. பக்கத்திலேயே 'ரெக்கமண்டட்' என்ற சொல்லும் இருந்தது.

வேறு என்ன பார்க்கலாம்?

திரையின் வெற்றிடத்தில் வலது பக்கம் சொடுக்கி, 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' போனால் 'டிஸ்ப்ளே ரெசலூஷன்' இருக்கும். அதில் 'ரெக்கமண்டட்' என்று உள்ளதையே தேர்ந்தெடுங்கள். மாற்றியதும் திரை இருண்டுவிட்டால் பதற வேண்டாம். எதையும் தொடாமல் இருந்தால் 15 விநாடியில் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

கண் மங்கிய பெரியவர்களுக்காகச் சிலர் ரெசலூஷனைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குவார்கள். அது தவறு. அதே பக்கத்தில் 'ஸ்கேல்' என்று ஒன்று உண்டு. அதை 125 அல்லது 150 விழுக்காடு ஆக்குங்கள். எழுத்து பெரிதாகும், தெளிவும் குறையாது.

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில், கேபிளை அந்தக் கார்டின் துளையில்தான் மாட்ட வேண்டும். யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருப்பது மதர்போர்டுக்கு உரியது. அதில் மாட்டினால் சில கணினிகளில் படமே வராது.

இரண்டு திரை வைத்து வேலை செய்வோர் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். 'டூப்ளிகேட்' என்று இருந்தால், இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவே கிடைக்கும். அதனால் பெரிய திரை மங்கலாகத் தெரியலாம். 'எக்ஸ்டெண்ட்' என்று மாற்றுங்கள்.

தொலைக்காட்சியை மோனிட்டராக்கினால் நான்கு ஓரமும் வெட்டுப்படலாம். அது கணினியின் குற்றமன்று. தொலைக்காட்சியின் பட அளவுப் பகுதியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஓரம் திரும்பிவிடும்.

4கே மோனிட்டர் வாங்கும் இளையோர் கேபிளையும் துளையையும் விசாரித்து வாங்குங்கள். எச்டிஎம்ஐ 1.4 வகையில் 4கே படம் விநாடிக்கு 30 முறைதான் மாறும். மவுஸ் தத்தித் தத்திப் போகும். 60 முறை வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் தேவை.

கடைக்குப் போகும் முன்

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் கடைக்குப் போகலாம். அப்போதும், டிவைஸ் மேனேஜரில் கண்ட இரண்டு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். "வேறு கேபிள், வேறு மோனிட்டர் மாட்டிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்கும்வரை பணத்தை எடுக்காதீர்கள். கடைக்காரர் எல்லாரும் ஏமாற்றுபவர்கள் அல்லர். ஆனால், அவசரத்தில் சொல்லப்படும் "புதுசு வாங்குங்க" என்ற இரண்டு சொல், தோட்டத்துச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு ஒரு மாதச் சம்பளமாகவே முடியலாம்.

அன்று மாலை அக்காள் மகள் ஒரு செய்யுளைத் திறந்து வரி வரியாகப் பார்த்தாள். "மாமா, இப்ப புள்ளியெல்லாம் தெரியுது" என்றாள். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார். சீட்டுப் பணம் அப்படியே இருக்கிறது. அது மகளின் மேற்படிப்புக்கு என்று முடிவாகிவிட்டது.