‘எவையேனும் ஐந்து’ என்றால் எந்த ஐந்து?

சமூக அறிவியல் தேர்வு முடிந்து வெளியே வந்த என் அக்கா மகன் அழுதுகொண்டிருந்தான். வினாத்தாளில் எட்டுக் கேள்விகளைக் கொடுத்து, ‘எவையேனும் ஐந்தனுக்கு விடையளி’ என்று போட்டிருந்தார்கள். அவன் எட்டையும் எழுதிவிட்டு, பெருவினாவுக்கு நேரமில்லாமல் எழுந்து வந்திருக்கிறான். “எல்லாம் தெரிஞ்சும் ஏன்டா இப்படி?” என்று அக்கா கேட்டதற்கு, “எதை விடணும்னு போடலையேம்மா” என்றான்.

அவனுக்கு ஆட்டிசம். பாடம் தெரியாமல் போன மதிப்பெண் அல்ல அது. அவனுடைய சிறப்பாசிரியர் பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு, பொதுத்தேர்வில் வினாத்தாளை வாசிக்கத் தரும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் எந்த ஐந்து என்று மனத்தில் முடிவு கட்டும் பழக்கத்தை ஒரு மாதம் விடாமல் பயிற்றுவித்தார். அதற்குப் பிறகு அந்தச் சிக்கல் வரவில்லை.

அரசு ஆவணங்களில் ஆட்டிசம் உள்ளவர்களைப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. யார் வைத்த பெயரோ, எனக்கு ஒப்பவில்லை. எங்கள் பையனுக்குப் புற உலகம் தேவைக்கு மேல் உள்ளே வந்துவிடுவதுதான் தொல்லை. பள்ளியின் மின்சார மணி, மதியச் சாப்பாட்டு வேளையில் நாற்பது எவர்சில்வர் டப்பாக்கள் ஒரே நேரத்தில் திறக்கும் ஓசை, புதுச் சீருடையின் கஞ்சி மொடமொடப்பு என எல்லாமே அவனை அடிக்கும். மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் அவனை வகுப்பை விட்டு வெளியே விட்டதில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதற்குப் பள்ளிக்கு ஒரு பைசா செலவில்லை.

இப்படிச் சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்துதருவது பள்ளி காட்டும் கருணை என்றே பலர் நினைக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதைக் கடமை என்கிறது. அந்தச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், அந்தந்தப் பிள்ளைக்கு ஏற்ற மாறுதல்களைச் செய்துதர வேண்டும் என்கிறது அதன் 16ஆவது பிரிவு. கல்வி உரிமைச் சட்டமோ, சேர்க்கைக்குத் தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது, எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது. ஆனால் யாரும் ‘வெளியேற்றுகிறோம்’ என்று எழுதித் தருவதில்லை. “ஸ்பெஷல் ஸ்கூல்ல போடுங்கம்மா, அவனுக்கும் அதுதான் நல்லது, டி.சி.க்கு நீங்களே எழுதிக் குடுத்துடுங்க” என்பார்கள். அக்காவிடமும் ஒரு பள்ளியில் அப்படித்தான் சொன்னார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள, 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு, வீட்டருகே உள்ள பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று விரும்பியதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையோடு இலவசக் கல்வியைச் சட்டம் தருகிறது. அதைப் பள்ளி முடிவுசெய்ய முடியாது.

சான்றிதழ் வாங்கத்தான் பெற்றோர் தயங்குகிறார்கள். ‘முத்திரை குத்தினாற்போல ஆகிவிடும்’ என்ற பயம். அரசு மருத்துவக் குழு, ஆட்டிசத்துக்கென இந்தியாவில் உருவாக்கிய அளவுகோலை வைத்து மதிப்பிடுகிறது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70ஐத் தொட்டால் ஆட்டிசம் என்று கொள்வார்கள். அதன் அடிப்படையில் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் கிடைக்கும். பீரோவில் இருக்கும் சான்றிதழை வேண்டும்போது நீட்டலாம், வேண்டாதபோது விட்டுவிடலாம். இல்லாததை நீட்ட முடியாது. சதவீதம் 40க்குக் கீழே வந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். தேர்வில் எழுதுநர் வைத்துக்கொள்ளும் உரிமையை அந்த வரம்புக்குள் அடைக்க முடியாது என்று 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளைக் கேட்கலாம். தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். மருத்துவச் சான்றுக்கு அலையும் நாட்களையும் கணக்கில் வைத்து ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள். மொழிவிலக்கை மட்டும் யோசித்து வாங்குங்கள். இன்று சுமை குறைந்தாற்போல் இருக்கும். ஆனால் நீட் எழுதப் பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் பிறகு குறுக்கே வரும். எழுதுநர் முன்பின் பார்த்திராத ஆளாக இருந்தால், ஆட்டிசம் உள்ள பிள்ளை வாயே திறக்காமல் போகலாம். எழுதுநரைத் தேர்வு நடத்துபவரே தரும்போது, இரண்டு நாள் முன்னதாக அவரைச் சந்திக்க விட வேண்டும் என்று மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் இருந்தது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் செய்து கரையேற்றிய பிள்ளைகள் கல்லூரி முதல் பருவத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறோம். அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. இடம் கிடைப்பதோடு கதை முடிவதில்லை. பள்ளியில் ஒரே அறை, ஒரே பெஞ்சு, வாசலில் அம்மா. கல்லூரியில் மணிக்கு ஒரு அறை. கால அட்டவணை காலையில் வாட்சப்பில் மாறும். குழுவாகச் செய்யும் புராஜெக்ட்டுக்கு யாரும் தாமாக அவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். விடுதியில் கேலியும் ராகிங்கும் எங்கே தொடங்குகின்றன என்று அவனுக்குப் பிடிபடாது. ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522 அவன் போனில் பதிவாகியிருக்கட்டும். ‘சட்டையைக் கழற்று’, ‘காசு கொடு’, ‘வார்டனிடம் சொல்லாதே’ என்று யாராவது சொன்னால் அது விளையாட்டல்ல என்று மூன்று வாக்கியங்களாகவே எழுதிக் கொடுங்கள். பூடகமாகச் சொன்னால் போய்ச் சேராது.

சேரும் முன்பே, கல்லூரி காலியாக இருக்கும் ஒரு நாளில் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கழிப்பறை, கேன்டீன், சத்தமில்லாத ஒரு மூலை மூன்றையும் காட்டிவிட்டு வாருங்கள். பதினெட்டு வயதானவுடன் சட்டப்படிப் பாதுகாவலர் ஆக விண்ணப்பிக்கச் சொல்லி அக்கம்பக்கத்தில் அறிவுரை வரும். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அதை வழங்கும். சிலருக்கு அது அவசியம்தான். கல்லூரிக்குப் போய்த் தன் கையெழுத்தைப் போடத் தெரிந்தவனுக்கு அது எதற்கு?

மறுப்பு வந்தால் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது. அரசு நிறுவனத்தில் குறைதீர் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். அங்கே நடக்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், அதற்கும் மேலே மாநில ஆணையர். விசாரணையில் ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம்; மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

பருவத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு எங்கள் பையன் தேர்வுப் பிரிவு ஜன்னலுக்குத் தனியாகத்தான் போனான். சொல்ல வேண்டியதை அஞ்சலட்டை அளவுத் தாளில் எழுதி, வீட்டில் பத்துத் தடவை படித்துப் பார்த்திருந்தான். “அப்பா வரலையாப்பா?” என்று எழுத்தர் கேட்டிருக்கிறார். “அப்பா இங்க படிக்கல சார்” என்றவன், தாளில் இருந்த கடைசி வரியையும் படித்திருக்கிறான்: “நகல்ல சீல் போட்டு, தேதியும் போட்டுக் குடுங்க.”