அடிக்கடி நிற்கும் ஊசல் கடிகாரம்

ஊசல் கடிகாரம் என்பது ஊசலின் சீரான அலைவைக் கொண்டு நேரத்தை அளக்கும் இயந்திரக் கடிகாரம் ஆகும். நெதர்லாந்து அறிவியலாளர் கிறித்தியான் ஐகன்சு 1656இல் இதனை உருவாக்கினார். முழுவதும் சாவி கொடுத்த பின்னும் சில நிமிடங்களிலோ சில நாட்களிலோ நின்றுவிடுவது இக்கடிகாரங்களில் பரவலாகக் காணப்படும் குறை. பல நேரங்களில் எந்தப் பாகமும் உடைந்திருப்பதில்லை. கடிகாரம் சற்றுச் சாய்ந்திருப்பதே காரணமாகிறது.

இயங்கும் முறை

சுருள்வில்லோ தொங்கும் எடையோ பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. கடைசிச் சக்கரத்தை நங்கூர வடிவத் தடுப்பான் ஒன்று பிடித்து நிறுத்துகிறது. ஊசல் ஆடும்போது இத்தடுப்பான் அசைந்து ஒரு பல்லை விடுவிக்கிறது. விடுபடும் பல் தடுப்பானைச் சிறிது தள்ளுகிறது. அந்தத் தள்ளலே ஊசலைத் தொடர்ந்து ஆடவைக்கிறது.

இதற்குக் கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. 5 கிலோகிராம் எடை 8 நாட்களில் 1.5 மீட்டர் இறங்கினால் கிடைப்பது ஏறத்தாழ 74 சூல். அதாவது சராசரியாக ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எனவே சிறு உராய்வும் கடிகாரத்தை நிறுத்தப் போதுமானது.

சில நிமிடங்களில் நின்றால்

முதலில் ஒலியைக் கேட்க வேண்டும். 'டிக்', 'டாக்' ஒலிகளுக்கு இடையிலான இடைவெளிகள் சமமாக இருக்க வேண்டும். நொண்டுவது போல் ஒன்று நீண்டும் மற்றது குறுகியும் கேட்டால், ஊசலுக்கு இருபுறமும் சமமான தள்ளல் கிடைக்கவில்லை என்று பொருள். சுவர்க் கடிகாரமாயின் பெட்டியின் அடிப்பகுதியை இடமோ வலமோ சிறிது நகர்த்தி, ஒலி சீராகும் இடத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். மேசைக் கடிகாரமாயின் ஒரு பக்கக் காலின் கீழ் மெல்லிய அட்டையை வைக்கலாம்.

பெட்டியைக் கோணலாக வைத்தால் மட்டுமே ஒலி சீராகிறது எனில், தடுப்பானையும் ஊசலையும் இணைக்கும் கம்பி வளைந்திருக்கலாம். ஊசலைத் தாங்கும் மெல்லிய எஃகுத் தகடு மடங்கியுள்ளதா, ஊசற்குண்டு பின்பலகையிலோ கண்ணாடியிலோ உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

குறிப்பிட்ட நேரத்தில் நின்றால்

நிமிட முள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால், முட்கள் ஒன்றோடொன்றோ முகப்பிலோ கண்ணாடியிலோ உரசக்கூடும். முழுமணி நெருங்கும்போது நின்றால், மணியடிக்கும் பொறியைத் தூக்கும் கூடுதல் சுமையைக் கவனிக்க வேண்டும். மணியடிக்கும் பகுதிக்குச் சாவி கொடுக்காமல் விட்டால் சில கடிகாரங்கள் 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் நின்றுவிடும்.

சில நாட்கள் கழித்து நின்றால்

ஆளுயரக் கடிகாரங்களில் எடைகள் இறங்கி ஊசற்குண்டின் மட்டத்தை அடையும் நாளில் இது நேரலாம். பெட்டி உறுதியாக நிற்காவிட்டால் ஊசலின் அசைவு பெட்டி வழியாகப் பரவி எடைகளையும் ஆடவைக்கும். ஊசல் தன் ஆற்றலை இழக்கும். ஒரே தாங்கியில் தொங்கிய இரு கடிகாரங்களின் ஊசல்கள் ஒத்திசைந்து ஆடுவதை ஐகன்சு 1665இல் கண்டார். அதற்கும் தாங்கியின் நுண்ணிய அசைவே காரணம். பெட்டியைச் சுவருடன் உறுதியாகப் பிணைப்பதே தீர்வு.

எண்ணெயும் தூசியும்

மேற்கண்டவை சரியாக இருந்தும் கடிகாரம் நின்றால், அச்சுமுனைகளில் பழைய எண்ணெய் தடித்திருக்கலாம். அதன்மேல் புதிய எண்ணெய் விடுவது பயன் தராது. தூசியும் எண்ணெயும் கலந்து அச்சுத் துளைகளைத் தேய்க்கும். தேங்காய் எண்ணெய் போன்றவை நாளடைவில் பிசுபிசுத்துவிடும். பாகங்களைக் கழற்றித் தூய்மை செய்த பின், கடிகார எண்ணெயை அச்சுமுனைகளில் சிறு துளி மட்டும் இட வேண்டும். பற்சக்கரப் பற்களுக்கு எண்ணெய் இடுவதில்லை.

கவனிக்க வேண்டியவை

ஊசற்குண்டின் கீழுள்ள திருகு கடிகாரத்தின் வேகத்தை மாற்றவே உதவும். ஏறத்தாழ 99.4 சென்டிமீட்டர் நீள ஊசலில் 1 மில்லிமீட்டர் மாற்றம் நாளொன்றுக்கு 43 நொடி வேறுபாட்டைத் தரும். நிற்கும் கடிகாரத்திற்கு அது மருந்தன்று.

கடிகாரத்தை இடம் மாற்றும்முன் ஊசலைக் கழற்றிவிட வேண்டும். முறுக்கேறிய சுருள்வில் திடீரென அவிழ்ந்தால் கையைக் காயப்படுத்தும். ஆகவே பொறியைப் பிரிக்கும் வேலையைப் பழகிய கடிகாரப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது.