ஆறு அல்ல, மூன்றரை

கம்பம், கூடலூர், போடிப் பக்கம் விடியும் முன்பே ஏலத்தோட்டத்துக்கு ஜீப் கிளம்பிவிடும். பிள்ளை அம்மாச்சியிடம் இருக்கும். ஒன்றரை வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால், "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்பார்கள். நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்ப்பார்கள். கதவை ஓங்கிச் சாத்தினால் திரும்புகிறானே, காது கேட்கத்தானே செய்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். அவன் திரும்புவது பல நேரம் தரையில் வரும் அதிர்வுக்கு. முதுகுப் பக்கம் நின்று, மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படிக் கழியும் மாதங்களில் மூளையில் என்ன நடக்கிறது என்று அளந்து காட்டியவர், இன்று அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் அனு சர்மா. பிறவியிலேயே காது கேளாமல், பின்னர் அறுவை செய்து உள்காதில் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட 104 பிள்ளைகளை ஆராய்ந்து 2002-ல் இவரது குழு கட்டுரை வெளியிட்டது. தலையில் மின்முனைகளை ஒட்டி, ஓர் ஒலிக்கு மூளையின் கேட்கும் பகுதி எத்தனை மில்லிவினாடியில் பதில் தருகிறது என்று பார்த்தார்கள். மூன்றரை வயதுக்குள் கருவி பெற்றவர்களின் மூளை, காது கேட்கும் பிள்ளைகளின் மூளையைப் போலவே பதில் தந்தது. 7 வயதுக்குப் பிறகு பெற்றவர்களுக்குத் தாமதம் தீரவில்லை.

காரணத்தை அதற்கு முந்தைய ஆண்டே தென்கொரிய ஆய்வாளர்கள் பெட் ஸ்கேனில் கண்டிருந்தார்கள். காது கேளாத பிள்ளைகளின் மூளையில் கேட்கும் பகுதி அறுவை சிகிச்சைக்கு முன் எந்த அளவுக்குச் சும்மா கிடந்ததோ, அறுவைக்குப் பிறகு அந்த அளவுக்குப் பேச்சு நன்றாகப் புரிந்தது. வயது ஏற ஏற அந்த இடத்தை வேறு வேலைகள் பிடித்துக்கொள்கின்றன. தரிசாகக் கிடக்கும் நிலத்தில் அடுத்தவர் பயிர் வைத்துவிட்டால் மீட்பது எத்தனை பாடு என்று விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயது வரை இந்த அறுவை சிகிச்சை இலவசம். லட்சக்கணக்கில் செலவாகும் கருவியை ஏழைப் பிள்ளைக்குக் கொடுப்பது பெரிய காரியம். ஆனால் "ஆறு வயசு வரைக்கும் டைம் இருக்கு" என்று வீட்டில் பேச்சு வரும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறு என்பது திட்டத்தின் கணக்கு.

அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சின்னப் பிள்ளை அசையாமல் கிடக்காது என்பதால் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். பெற்றோர் தயங்குவது இங்கேதான். ஆனால் அந்த ஸ்கேன் தேவை. உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் எலும்புக் குழாயின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று அதில் உண்டு. வெள்ளையாகத் தெரியும் திரவத்துக்குள் நான்கு கறுப்புப் புள்ளிகள். பின்னால் இரண்டும் உடலின் சமநிலைக்கான நரம்புகள். முன்னால் மேலே முக நரம்பு, அதற்குக் கீழே கேட்கும் நரம்பு. அந்த ஒரு புள்ளி இல்லாவிட்டால் காக்ளியர் கருவியால் பயன் கிடைப்பது அரிது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மூளைத்தண்டிலேயே கருவி பொருத்தும் சிகிச்சையை டாக்டர் மோகன் காமேஸ்வரனின் சென்னை காது மூக்கு தொண்டை ஆராய்ச்சி நிறுவனம் செய்திருக்கிறது.

சொந்தத்தில் கல்யாணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவுக்குள் மணந்தவர்கள். பிறவிச் செவித்திறன் குறைபாட்டைத் தரும் மரபணு மாற்றங்கள் பலவும் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். உறவுக்குள் மணந்த இருவரும் ஒரே மாற்றத்தைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் வாய்ப்பு 4-ல் 1. அப்படியிருக்க மருமகளை மட்டும் குறை சொல்வது அநியாயம்.

கருவி பொருத்திய அன்றே பிள்ளை பேசிவிடாது. சில வாரம் கழித்துத்தான் அதை இயக்கி வைப்பார்கள். முதல் சத்தத்துக்குப் பல பிள்ளைகள் மிரண்டு அழும். பிறகு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி. கூடலூரிலிருந்து மதுரை 100 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு பயிற்சிக்கும் அம்மாவின் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு வேறு. பயிற்சி பாதியில் நின்றால் கருவி காதோரம் வெறுமனே தொங்கும். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது பேச்சுப் பயிற்சியாளர் இருந்தாக வேண்டும்.

பச்சைக் குழந்தை தூங்கும்போதே காதில் சிறு குழாய் வைத்துச் சில நிமிடங்களில் முடிக்கும் ஓ.ஏ.இ. பரிசோதனையைப் பிரசவ வார்டிலேயே கேட்டு வாங்குங்கள். அதில் சந்தேகம் வந்தால், பிள்ளைக்கு 3 மாதம் ஆவதற்குள், ஒலிக்கு மூளைத்தண்டு தரும் பதிலைப் பார்க்கும் பெரா பரிசோதனையை எடுத்துவிட வேண்டும்.