அலமாரிக்குள் ஒரு கஞ்சாக் கன்று: பெற்றோர் கவனத்திற்கு

ஒரேத்தோவில் எமது பல்கனிகளில் கறிவேப்பிலையும் மிளகாயும் வளர்க்கிறோம். ஆனால் பிள்ளையின் அலமாரிக்குள், விளக்கு வெளிச்சத்தில் ஒரு கஞ்சாக் கன்று முளைத்திருந்தால் என்ன செய்வோம்?

இத்தாலியில் கஞ்சா விதையைச் ‘சேகரிப்புப் பொருள்’ என்று விற்கிறார்கள். பகல் நீளத்தைப் பாராமல் தானாகவே பூக்கும் இனங்களும் அதில் உண்டு. சிறிய செடி, இரண்டு மூன்று மாதத்தில் அறுவடை என்பதால் புதியவர்களை இவை ஈர்க்கின்றன.

விதையை விற்கிறார்களே, முளைக்க வைத்தால் என்ன என்று இளையோர் நினைக்கலாம். அது தவறு. 1990ஆம் ஆண்டின் 309ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதியின்றி வளர்ப்பது குற்றம். சொந்தப் பாவனைக்கு மட்டும், ஒருசில செடிகளைச் சாதாரண முறையில் வீட்டில் வளர்ப்பதற்கு 2019 டிசெம்பரில் உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்தது. அப்போதும் சாரதி அனுமதிப்பத்திரமும் கடவுச்சீட்டும் இடைநிறுத்தப்படலாம்.

சட்டத்தை விடப் பெரியது உடல்நலம். மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது. இளவயதில் அடிக்கடி கஞ்சா புகைத்தால் ஞாபகமும் கவனமும் குறையும்; சிலருக்கு மனநோயும் தொடங்கலாம்.

ஆகவே, கன்றைப் பிடுங்கி எறிந்து, ஏசிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எப்போது தொடங்கியது, ஏன் என்று அமைதியாகக் கேளுங்கள். குடும்ப வைத்தியரிடம் பேசுங்கள். ‘சேர்-டி’ எனும் அரச போதை சிகிச்சை நிலையத்தில் உதவி இலவசம். விரும்பினால் பெயரை மறைத்தும் சிகிச்சை பெறலாம்.

ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தை விட எமது பிள்ளைகள் பெரிது.