அலமாரி சொல்லும் குணம்

வீட்டுக்காரரின் குணத்தை அறிய வேண்டுமானால் அவருடைய புத்தக அலமாரியைப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டில் கண்ணாடி அலமாரி நிறையத் தடித்த நூல்கள், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. கிள்ளான் பக்கம் நான் வளர்ந்த தோட்டத்து லயத்திலோ, ஒரு பால்மரத் தொழிலாளியிடம் பிஸ்கட் டின்னில் நான்கே நாவல்கள். எல்லாவற்றிலும் ரப்பர் பால் கறை! இவர்களில் வாசகர் யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

நமக்கெல்லாம் பொதுவான அலமாரியும் ஒன்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. அதற்குத் தமிழ் நூலகம் அமைக்க, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பல்கலைக்கழக வாசலை மிதித்தறியாத எளியவர்களும் மனமுவந்து கொடுத்தார்கள். தாங்கள் படிக்க அல்ல. வருங்காலப் பிள்ளைகள் படிக்க! அந்த நூல்கள் நம் முன்னோரின் குணத்தைச் சொல்கின்றன.

நம் வீட்டு அலமாரி என்ன சொல்கிறது? பள்ளிப் பாடநூல்களைத் தவிர வேறு உண்டா? பெற்றோர்களே, இந்தத் தீபாவளிக்குப் புதுத்துணியோடு ஒரு தமிழ் நூலும் வாங்குங்கள். இரவு உணவுக்குப்பின் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லி, நீங்களும் அருகில் அமர்ந்து கேளுங்கள்.