கடைத் தூணில் எத்தனை வண்ணம்?

பெரம்பூர்வாசிகளுக்கு ரயில் பெட்டியின் நிறத்தைப் பார்த்தே அதன் காலத்தைச் சொல்லத் தெரியும். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்த ஐ.சி.எஃப். தொழிற்சாலையிலிருந்து பல்லாண்டுகள் பெரும்பாலும் செங்கல் நிறப் பெட்டிகளே வெளிவந்தன. 1990களில் நீலம் வந்தது. 2018இல் வெள்ளையும் நீலமுமாக வந்தே பாரத், 2023இல் காவி. பெட்டியைக் கழித்துவிட்டால் நிறமும் அதோடு போய்விடும். தூண் அப்படியல்ல. நின்ற இடத்திலேயே எல்லாப் பூச்சையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமந்துகொண்டிருக்கும்.

1856இல் திறக்கப்பட்டு 2005இல் புதுப்பிக்கப்பட்ட இராயபுரம் நிலையம் போன்ற கட்டடங்களில் முதல் நிறம் எது என்று அறியப் பழைய புகைப்படம் உதவாது. அதில் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். அதற்கு வல்லுநர்கள் கையாளும் வழி எளிது. மறைவான ஓரிடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு, நைசான உப்புத்தாளை நனைத்து வட்டமாகத் தேய்க்கிறார்கள். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தாற்போல் வளையங்கள் தெரியும். நடுவில் இருப்பது முதல் பூச்சு. இரண்டு வளையங்களுக்கு நடுவே அழுக்குக் கோடு இருந்தால் இடையில் பல வருடம் கடந்திருக்கிறது. கோடு இல்லையென்றால் இரண்டும் ஒரே சமயத்தில் அடித்தவையாக இருக்கலாம். எண்ணெய் பெயிண்ட் வெளிச்சம் படாமல் கிடந்தால் மஞ்சளிக்கும். ஆகவே மஞ்சளாகத் தெரிவது பழைய வெள்ளையாகவும் இருக்கலாம்.

நம் கடை வாசலில் நிற்கும் இரும்புத் தூணும் ஷட்டரும் இதே கணக்குதான். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் அடித்து அடித்துத் தடித்துப் போயிருக்கும். தாத்தா காலத்துக் கடை எந்த நிறத்தில் இருந்தது என்று பார்க்க நமக்கும் ஆசை வரும். ஆனால் பெயிண்டரைக் கூப்பிட்டு முழுவதும் சுரண்டச் சொல்லுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய மஞ்சள், ஆரஞ்சு, பச்சைப் பெயிண்டுகளிலும், இரும்புக்கு அடித்த சிவப்புப் பிரைமரிலும் ஈயம் சேர்ப்பது வழக்கம். அமெரிக்கா வீட்டுப் பெயிண்டில் அதை 1978இலேயே தடுத்தது. நம் நாட்டில் 90 பி.பி.எம். என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்குகளில் ஈயம் இல்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

உலர்ந்த நிலையில் சுரண்டினால் அந்தத் தூசி திறந்த துவரம்பருப்பு மூட்டையில்தான் இறங்கும். சமைத்தாலும் ஈயம் போகாது. குழந்தைகளின் மூளையைப் பாதிப்பதும் அதுதான். ஊதுவிளக்கால் சுட்டு எடுப்பது அதைவிட மோசம், புகையே விஷம். எனவே சரக்கை உள்ளே தள்ளி மூடிவிட்டு, தண்ணீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லுங்கள். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், ஈரத் துணியால் துடைக்கட்டும். பையன்களைக் கிட்டே விடாதீர்கள். பழைய பூச்சு உறுதியாகப் பிடித்திருந்தால் சுரண்டாமல் அதன்மேலேயே அடித்துவிடலாம். பூசுமுன் தெரிந்த வளையங்களை வரிசையாகவும், புதிய பெயிண்டின் ஷேடு நம்பரைத் தேதியுடனும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைக்கலாம். உதிர்ந்த செதில்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். போகிக் குவியலில் அது சேரவே கூடாது.