ஊசி மருந்தில் படிகாரம் எதற்கு?

கல்பாக்கம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஆறு வாரக் குழந்தைக்குப் பென்டாவேலன்ட் ஊசி போடும் செவிலியர் முதலில் மருந்துக் குப்பியை நன்றாகக் குலுக்குவார். அடியில் படிந்திருக்கும் வெண்மை கலந்துவிட வேண்டும். அது அலுமினிய உப்பு. குப்பி ஒருமுறை உறைந்துவிட்டால் உப்பு திரிந்து கட்டிதட்டும். அந்த மருந்து உதவாது.

கிருமிக்குச் சம்பந்தமில்லாத உப்புக்கு அங்கே என்ன வேலை? பதிலை முதலில் சொன்னவை குதிரைகள். 1920களில் பிரான்சில் காஸ்தோன் ரமோன், தொண்டை அடைப்பான் நஞ்சை முறித்துக் குதிரைகளுக்குச் செலுத்தினார். ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ்பிடித்த குதிரைகளில் எதிர்ப்புப் புரதம் கூடுதலாக ஊறியது. மருந்தோடு மரவள்ளி மாவைக் கலந்து வேண்டுமென்றே எரிச்சலூட்டியபோதும் அப்படியே நடந்தது. 1926இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னி படிகாரம் என்ற அலுமினிய உப்பைக் கலந்தார். அவரது கினிப்பன்றிகளின் எதிர்ப்பும் வலுத்தது.

இத்தகைய சேர்மானத்துக்குத் துணையூக்கி என்று பெயர். 'இங்கே ஆபத்து' என்று உடலின் காவல் செல்களை அது உசுப்புகிறது. அவை தடுப்பூசிப் புரதத்தை விழுங்கி, நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் மற்ற செல்களுக்குக் காட்டுகின்றன.

எதிர்ப்பு எவ்வளவு என்பதோடு, எந்த வகை என்பதையும் துணையூக்கியே திருப்பிவிடுகிறது. சுண்டெலிகளுக்கு அலுமினிய உப்பைக் கலந்து கொடுத்தால் ஐஜிஜி-1 வகை எதிர்ப்புப் புரதம் ஓங்கும். கிருமி புகுந்த செல்லையே தாக்கும் பிரிவு அவ்வளவாக விழிக்காது. இந்தக் குறையைப் போக்க, பாரத் பயோடெக் நிறுவனம் தன் கொரோனா தடுப்பூசியான கோவாக்சினில் அலுமினிய உப்போடு இன்னொரு மூலக்கூறையும் ஒட்டவைத்தது. வைரஸின் மரபுப்பொருளை உணரும் டிஎல்ஆர்-7, டிஎல்ஆர்-8 என்ற ஏற்பிகளை அது தட்டி எழுப்பும். அதைப் பெற்ற சுண்டெலிகளில் ஐஜிஜி-2ஏ வகையும் இன்டர்ஃபெரான் காமாவும் உயர்ந்தன. செல்வழி எதிர்ப்பு விழித்ததற்கு அவை அடையாளம்.

ஆனால் சுண்டெலியின் டிஎல்ஆர்-8, மனிதருடையதைப் போல இயங்குவதில்லை. ஆகவே இத்தகைய துணையூக்கி மனித உடலில் செய்வதில் ஒரு பங்கு சுண்டெலியில் தெரியாமலே போகும். ஒரே விலங்கை நம்பாமல் எலி, முயல், குரங்கு என்று சோதித்து, பிறகும் மனிதர்களிடம் படிப்படியாகச் சோதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.